நாதம் புறப்படும் வாயில்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். தேரின் உயரத்தையும் சிற்ப வேலைப்பாட்டையும் வடம் பிடிப்போர் தொகையையும் வியந்து பேசுவோர் அச்சாணியைப் பற்றிப் பேசுவதில்லை. அது கழன்று விழும் நாளிலேதான் அதன் பெயர் எல்லோர் வாயிலும் வரும். மின்சார பேஸ் கிற்றார் என்னும் வாத்தியத்துக்கும் அத்தகையதோர் அச்சாணி உண்டு. தந்தியின் நாதம் மின்னாகி வாத்தியத்தை விட்டுப் புறப்படும் சிறு துளையே அது. வாத்தியக்காரர் அதனை ஜாக் என்பர். அந்த ஜாக் தேய்ந்து கெடும் வகையையும், அத்தேய்வைத் தடுக்கும் வகையையும் பற்றி இங்கே சில கூற விழைகின்றோம்.

விழா மலரிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பேசாது நட்டையும் வொஷரையும் பற்றிப் பேசுவதோ என அன்பர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சிலர் பொருள் சேர்த்து, கல்லூரி இசைக்குழுவுக்கு வாத்தியங்கள் வாங்கிக் கொடுக்க எண்ணியுள்ளனர். அவற்றுள் ஒரு பேஸ் கிற்றாரும் அடங்கும். நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாத்தியத்தை வாசித்தும், பிறர் கொண்டுவருவனவற்றைத் திருத்திக் கொடுத்தும் வருகின்றோம். ஆதலின் எம்மிடம் ஆலோசனை கேட்டனர். எந்நாட்டு வாத்தியம், என்ன நிறம், என்ன விலை என்பனவே கேள்விகள். வாங்கிய பின் அதனைப் பேணுவோர் யாவர் என்பதை ஒருவரும் கேட்டிலர். கேளாத அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் வாத்தியத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய டபிள் பேஸ் ஆளுயரத்தை மிஞ்சியது. ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது கடினம். முழக்கமான பிற வாத்தியங்களின் நடுவே அதன் ஒலி அமிழ்ந்துவிடும். அதனை மின்சார வாத்தியமாக்க 1930களிலேயே அமெரிக்காவிற் சிலர் முயன்றனர். ஆயினும், உலகெங்கும் பரவிய வடிவத்தைத் தந்தவர் கலிபோர்ணியாவிலே வானொலி திருத்துந் தொழில் செய்திருந்த லியோ பெண்டர் என்பவரே. அவருடைய நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்பதையும், 1960இல் ஜாஸ் பேஸ் என்பதையும் வெளியிட்டது. நான்கு தந்திகள், ஒலிக்கும் நீளம் 34 அங்குலம், மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். அவ்வதிர்வைத் தந்தியின் கீழுள்ள காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் மின்னாக மாற்றுகின்றன. அம்மின் மிகச் சிறியது. அது ஒலியளவுத் திருகியைக் கடந்து, ஜாக்கிலே செருகிய கேபிளின் வழியே அம்பிளிபயரை அடைந்த பின்னரே பேரொலியாகின்றது. மின் சிறிதாகையால் அதன் பாதையிலே மெல்லிய அழுக்குப் படலம் படிந்தாலும் போதும். ஒலி கரகரத்து விட்டுவிட்டுக் கேட்கும். பாதை முற்றாக அறுந்தாலோ விலையுயர்ந்த வாத்தியமும் வெறும் மரமே.

இனி ஜாக்கின் பிறப்பைக் கூறுவோம். அது இசைக்கெனப் பிறந்த பொருளன்று. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலே வர்த்தக முறையிலான முதலாவது தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அக்காலந்தொட்டுப் பெருகிய தொலைபேசி நிலையங்களிலே, துளைகள் நிறைந்த பலகையின் முன் அமர்ந்த ஊழியர் பிளக்கைத் துளையிற் செருகி ஒருவரை மற்றொருவரோடு பேசவைத்தனர். கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர் விட்டமுடைய அந்தப் பிளக்கின் வழித்தோன்றலையே இன்று நாம் கிற்றாரிற் செருகுகின்றோம். தொலைபேசிப் பலகை அசையாது நிற்பது. பிளக் நேராகச் சென்று நேராக வெளிவரும். கிற்றாரோ வாசிப்பவனின் உடலோடு சேர்ந்து அசைவது, திரும்புவது, நிலத்திற் கிடக்கும் கேபிளை இழுத்துச் செல்வது. அசையாத பலகைக்கென அமைந்த ஒன்றை அசையும் உடலிலே பொருத்தியதே கேட்டின் மூலம். இவ்வொன்றை மனத்திற் கொள்வாருக்குப் பின்னர் கூறும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

ஜாக்கின் அமைப்பு எளியது. திருகுமரை வெட்டிய குறுகிய உலோகக் கழுத்து ஒன்று. அதனைத் தகட்டோடு இறுக்கும் நட்டு ஒன்று. உள்ளே வளைந்த வில்தகடு ஒன்று. பிளக்கின் தண்டு கழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கின் நுனிக்குப் பின்னாலுள்ள பள்ளத்திலே வில்தகடு போய் அமர்ந்து அதனைப் பற்றிக்கொள்ளும். நல்ல ஜாக்கிலே பிளக்கைச் செருகும்போது 'டிக்' என்ற மெல்லிய ஓசை கேட்கும்; விரலுக்கும் அது தெரியும். வில்தகட்டிலும் கழுத்திலும் ஒவ்வொரு கம்பி பற்றாசினால் ஒட்டப்பட்டிருக்கும். நுனிக்குரிய தொடர்பு அறுந்தால் வாத்தியம் ஊமையாகும். கழுத்துக்குரிய தொடர்பு அறுந்தால் பெரும் இரைச்சல் எழும். நோயை அறிவதற்கு இவ்விரு குறிகளுமே பெரிதும் உதவும். ஆயினும், குற்றம் கேபிளிலேயும் இருக்கலாம் ஆதலின், வேறொரு கேபிளைச் செருகிப் பார்த்த பின்னரே ஜாக்கைக் குறை கூறுதல் வேண்டும்.

பலமுறை செருகிக் கழற்றுவதனாலேதான் ஜாக் தேய்கின்றது என்பது பலர் எண்ணம். எமது அனுபவம் அவ்வாறன்று. நேராகச் செருகி நேராகக் கழற்றுவதால் விளையும் தேய்வு மிகச் சிறிது. தொலைபேசி ஊழியர் நாள்முழுதும் செய்த வேலை அதுவே. எம்மிடம் திருத்தத்துக்கு வந்த வாத்தியங்களிலே பெருங்கேடு விளைத்தவை வேறு மூன்று.

முதலாவது, தளர்ந்த நட்டு. வாசிக்கும்போது பிளக் சிறிது சிறிதாகத் திரும்புகின்றது. நட்டு தளர்ந்திருப்பின் ஜாக்கும் அதனோடு திரும்பும். உள்ளேயுள்ள கம்பிகள் முறுகும். பின்னர் மறுபக்கம் முறுகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஈற்றில் அது அறுந்துபோம் என்பதைச் சிறுவரும் அறிவர். இரண்டாவது, பக்கவாட்டு விசை. நேரான பிளக்கின் பிடி வெளியே நீண்டு நிற்கும். அது ஒரு நெம்புகோல். ஒருவன் கேபிளை மிதித்தாலும், வாத்தியத்தைச் சுவரிற் சாத்தும்போது பிடி நிலத்தில் ஊன்றினாலும், அவ்விசை முழுவதும் அந்தக் கழுத்திலும் வில்தகட்டிலுமே இறங்கும். கழுத்து அகலும், தகடு விரியும், ஜாக் பதிந்துள்ள பிளாஸ்ரிக் அல்லது மரம் வெடிக்கவுங் கூடும். மூன்றாவது, மணலும் வியர்வையும். நமது ஊர்க் கோயில்களின் திருவிழாக் காலத்திலே இரவு நேர இன்னிசைக் கச்சேரிகள் நடைபெறுவதை யாவரும் அறிவர். வீதியெங்கும் மணல். கழற்றிய கேபிளின் நுனி மணலிலே கிடக்கும். அதனைத் துடையாது அப்படியே செருகினால், பிளக்கோடு உட்செல்லும் மணல் உள்ளே அரத்தின் வேலையைச் செய்யும். உலோகத்தின் மேலுள்ள நிக்கல் பூச்சு உரிந்த பின், கடற்காற்றும் கையின் வியர்வையும் எஞ்சியதை அரிக்கும்.

இவற்றால் விளையும் இழப்பு எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நாமறிந்த பாடசாலையொன்றிலே, வெளிநாட்டிலிருந்து அன்பர் ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய பேஸ் கிற்றார் ஒன்று ஒன்பது ஆண்டுகள் அலுமாரியிற் கிடந்தது. "அது பழுதான வாத்தியம்" என்று ஒரு வகுப்பார் அடுத்த வகுப்பாருக்குச் சொல்லிச் சென்றனர். ஒருவரும் திறந்து பார்த்திலர். ஒரு நாள் வேறு காரியமாக அங்கு சென்ற எம்மிடம் அதனைக் காட்டினர். தந்திகள் துருவேறியிருந்தன, மரத்திலே ஒரு குறையும் இல்லை. முகத்தகட்டின் ஆணிகளைக் கழற்றிப் பார்த்தோம். நட்டு தளர்ந்து, ஜாக் சுழன்று, கம்பி ஒன்று பற்றாசு வைத்த இடத்திலே அறுந்து நின்றது. அவ்வளவே. பற்றாசுக்கோல் சூடேறுவதற்குச் சென்ற நேரம் அதனைத் திருத்துவதற்குச் சென்ற நேரத்திலும் அதிகம். அம்பிளிபயரிலே தொடுத்துத் தடித்த தந்தியை மீட்டியபோது அறையின் யன்னற் கண்ணாடிகள் அதிர்ந்தன. அருகில் நின்ற மாணவர் சிரித்தனர். அவர்களுள் ஒருவன், "சேர், எங்கட அண்ணா படிக்கிற காலத்திலையும் இது அலுமாரிக்குள்ளதான் இருந்தது" என்றான். அண்ணன் படித்து வெளியேறிவிட்டான். அவன் அதனை ஒரு நாளும் தொட்டதில்லை. அன்பளித்தவரின் பணம் வீணாயிற்று என்பதிலும், அந்த ஒன்பது ஆண்டுகளிலே கற்றிருக்கக்கூடிய பிள்ளைகள் கற்காது சென்றனர் என்பதே எம்மை வருத்தியது.

இனித் தடுக்கும் முறைகளைக் கூறுவோம். இவற்றுட் பலவற்றுக்குக் காசு வேண்டியதில்லை.

முதன்மையானது, கேபிளைத் தோள்வாரிலே மாட்டுதல். வாத்தியத்தின் அடியிலுள்ள குமிழிலே தோள்வார் பூட்டப்பட்டிருக்கும். கேபிளை அவ்விடத்திலே வாருக்கும் மரத்துக்கும் இடையாகச் செலுத்தி, சிறிது தளர்வு விட்டு, அதன் பின்னரே பிளக்கை ஜாக்கிற் செருகுதல் வேண்டும். யாரேனும் கேபிளை மிதித்தால் இழுவை வாரிலே தங்கும், ஜாக்கை அடையாது. நாம் மேலே கூறிய இரண்டாவது கேட்டின் பெரும்பகுதியை இந்த ஒரு செயலே நீக்கும். கேபிளை இறுக்கமாக மடிக்காது, அகன்ற வளைவாக விடுதல் நன்று.

அடுத்தது, பிளக்கின் வடிவம். பிரிசிஷன் பேஸ், ஜாஸ் பேஸ் ஆகிய வகைகளிலே ஜாக் வாத்தியத்தின் முகத்திலே அமைந்திருக்கும். அங்கு நேரான பிளக் ஆணிபோல் முன்னே நீட்டி நிற்கும். கையோ உடையோ பட்டால் நெம்பும். செங்கோணமாக வளைந்த பிளக் முகத்தோடு படிந்து நிற்குமாதலின் அதுவே பொருத்தமானது. பக்கவாட்டிலே ஜாக் உள்ள வாத்தியங்களுக்கும் செங்கோணப் பிளக் நன்று. எவ்வகையாயினும் அளவு தவறிய மலிவான பிளக்குகளை விலக்குதல் வேண்டும். தடித்த தண்டு வில்லை விரிக்கும். மெலிந்த தண்டு உள்ளே ஆடும்.

மூன்றாவது, நட்டைக் கவனித்தல். மாதம் ஒருமுறை இரு விரலாற் பிடித்து அசைத்துப் பார்த்தாலே போதும். தளர்ந்திருப்பின் வெளியிலிருந்து வெறுமனே முறுக்குதல் ஆகாது. நட்டோடு சேர்ந்து உள்ளே ஜாக்கும் சுழன்று, காக்க வேண்டிய கம்பியை நாமே அறுத்தவர்களாவோம். தகட்டைக் கழற்றி, ஜாக்கின் உடலை உள்ளே ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, மறு கையாலே ஸ்பனர் கொண்டு இறுக்குதல் வேண்டும். பல ஜாக்குகளின் நட்டுக்கு அரை அங்குல ஸ்பனர் பொருந்தும். சிலவற்றுக்கு மில்லிமீற்றர் அளவுள்ளது வேண்டும். குறட்டினால் இறுக்குவோர் நட்டின் முனைகளை மழுக்கித் தகட்டையும் கீறிவிடுவர். உட்புறத்திலே பல்லுள்ள வொஷர் ஒன்று இருத்தல் அவசியம். அதன் பற்கள் கடித்துப் பிடிப்பதனாலேயே ஜாக் சுழலாது நிற்கின்றது. அது இல்லாத வாத்தியங்கள் பல. அதனைச் சேர்த்தலே நிலையான மருந்து.

நான்காவது, துப்புரவு. செருகுமுன் பிளக்கை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தல் வேண்டும். கழற்றிய கேபிளை நிலத்தில் விடாது சுருட்டித் தொங்கவிடுதல் வேண்டும். ஜாக்கின் உள்ளே அழுக்கேறிக் கரகரத்தால், பஞ்சு சுற்றிய குச்சியிலே ஐசோபுரோப்பைல் மதுசாரத்தைச் சிறிது தோய்த்துத் துடைக்கலாம். அரத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது. அது அழுக்கோடு பூச்சையும் நீக்கிவிடும். தேங்காயெண்ணெய் விடுவாருமுளர். எண்ணெய் தூசியையும் மணலையும் சேர்த்துப் பிடிக்குமேயன்றி வேறு பயன் தராது.

ஐந்தாவது, கழற்றும் முறை. கேபிளைப் பற்றி இழுத்தல் பெருந்தவறு. பிளக்கின் பிடியைப் பற்றி நேராக இழுத்தல் வேண்டும். அதற்கு முன் அம்பிளிபயரின் ஒலியைக் குறைத்தல் நன்று; இல்லையேல் எழும் வெடிச்சத்தம் ஒலிபெருக்கிக்குத் தீங்கு செய்யும். பிளக்கோடு வாத்தியத்தை உறையிலிடுதலும், சுவரிற் சாத்துதலும் ஆகா.

இங்கே ஒரு ஐயம் எழலாம். செருகுவதும் கழற்றுவதும் தேய்வைத் தருமெனில், பிளக்கை எந்நேரமும் வாத்தியத்திலேயே விட்டுவைத்தாலென்ன? கூடாது என்போம். 1976இல் வெளிவந்த மியூசிக் மான் ஸ்ரிங்ரே போன்ற வாத்தியங்களுக்குள் ஒன்பது வோல்ற்று பற்றரியால் இயங்கும் சிறிய மின்சுற்று உண்டு. இவ்வகை வாத்தியங்களிலே ஜாக்கே பற்றரியின் சுவிச்சாகவும் அமைவது வழக்கம். பிளக் உள்ளே இருக்கும்வரை, வாசித்தாலும் வாசியாவிட்டாலும், பற்றரி செலவாகிக்கொண்டேயிருக்கும். பற்றரியில்லாத வாத்தியத்திலும், செருகியபடி விட்ட பிளக் யாருடைய காலிலேனும் தடக்கி விழுத்தும். ஆதலின் வாசிப்பு முடிந்ததும் கழற்றிவிடுதலே முறை.

இவ்வளவு பேணியும் காலப்போக்கில் வில்தகடு தளரும். 'டிக்' என்ற ஓசை மறையும். திறந்த அமைப்புடைய ஜாக்காயின் தகட்டை உட்புறமாக மிகச் சிறிதளவு வளைத்துப் பிடிப்பை மீட்கலாம். ஓரிரு முறைக்கு மேல் அவ்வாறு வளைத்தால் தகடு முறியும். அப்போது புதிய ஜாக் பொருத்துதல் வேண்டும். நீண்ட குழாய் வடிவிலே முற்றாக மூடியமைந்த ஜாக்குகளும் உள. அவற்றின் வில்லை அணுகுதல் அரிது. கெட்டால் மாற்றுவதே வழி. புதியது பொருத்தும்போது கம்பியைக் கட்டாயமாக இழுத்து ஒட்டாது, ஓரங்குலமேனும் தளர்வு விட்டுப் பற்றாசு வைத்தல் நன்று.

"ஜாக் மலிவான பொருளன்றோ? கெட்டால் மாற்றிவிடலாமே. கம்பியில்லா முறையில் ஒலியை அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டனவே" என இளைஞர் கூறுவர். கம்பியில்லாக் கருவியும் அதே ஜாக்கிலேயே செருகப்படுகின்றது. மிதிபடும் கேபிள் இல்லை என்பதே வேறுபாடு. பொருள் மலிவு என்பதும் ஓரளவுக்கே உண்மை. 1990ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இருக்கவில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே உரூபாவின் பெறுமதி வீழ்ந்து, இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியதையும் கண்டோம். உள்ளதைப் பேணுதல் கஞ்சத்தனமன்று என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. மேலும், கெட்ட ஜாக்கை மாற்றுவதற்கு அது கெட்டுள்ளது என்பதை அறியவும், தகட்டைத் திறக்கவும் ஒருவர் வேண்டுமன்றோ? அந்த அலுமாரியிலே குறைவாயிருந்தது ஜாக் அன்று, அவ்வொருவரே.

ஆதலின் விழாக் குழுவினருக்கு எமது வேண்டுகோள் இது. வாத்தியத்தோடு ஒரு சிறு பெட்டியையும் கொடுங்கள். உதிரி ஜாக் இரண்டு, பல்லுள்ள வொஷர் நான்கு, பொருத்தமான ஸ்பனர், திருப்புளி, பற்றாசுக்கோல், மதுசாரம், பழைய பருத்தித்துணி, செங்கோணப் பிளக்குடைய கேபிள் இரண்டு ஆகியவை அதனுள் இருக்கட்டும். வாத்தியத்தின் விலையோடு ஒப்பிடின் இச்செலவு அற்பமானது. அதனோடு ஒரு கொப்பியும் வையுங்கள். ஆண்டுதோறும் இசைக்குழுவிலே இரு மாணவரைத் தெரிந்து, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நட்டைப் பார்த்துத் திகதியிட்டுக் கையொப்பமிடச் செய்யுங்கள். ஒருவர் மேல் வகுப்பினராகவும் மற்றவர் கீழ் வகுப்பினராகவும் இருத்தல் வேண்டும். மேல் வகுப்பினர் கல்லூரியை விட்டு நீங்குமுன் கீழ் வகுப்பினர் தொழிலைக் கற்றுக்கொள்வர்.

பற்றாசு வைக்கும் முறையை முதலிரு மாணவருக்கும் கற்பிக்கும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கின்றோம். வாத்தியம் கல்லூரியை வந்தடையும் வாரத்திலே எமக்கு அறிவித்தால் ஸ்பனரோடு வந்து சேர்வோம்.